தெப்பக்குளத்து மூலையில் ஒரு பொம்மை

பொம்மை இல்ல சார், திருச்சி. நிஜத் திருச்சி. பேப்பர் கிழிஞ்ச சந்துல பாத்தா அப்படித்தான் தோணும். இருங்க, முழுசாப் பிரிச்சே காட்டுறேன். முழங்கால்ல இடிக்குதா? இந்தப் பக்கமாச் சாய்ச்சு வச்சிக்கிறேன். கண்ணாடி போட்ட சட்டம், மேல தட்டுல வைக்க பயமா இருக்கு. இப்பப் பாருங்க. இது தெப்பக்குளம், நடுவுல மண்டபம். இது லூர்து மாதா கோயில் கோபுரம். இந்த மஞ்சப் பொட்டெல்லாம் ஆட்டோ. இதோ கடுகு சிந்தின மாதிரி இருக்கே, அத்தனையும் ஜனம். கத்திரிக்கா வாங்கவும் பஸ் பிடிக்கவும் போற ஜனம்.

பாக்குற ஆள் பூரா இதைத்தான் கேக்குறாங்க. பொம்மையா, பொம்மையான்னு. அப்படித் தோணணும்னுதான் சார் நான் எடுத்ததே. அதுவே எனக்கு வினையா முடிஞ்சுது.

இந்த பஸ் திருச்சி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்ல? அப்பச் சொல்றேன். யார்கிட்டயாவது சொல்லலேன்னா எனக்கு மண்டை வெடிச்சிடும்.

என் பேரு செவந்திலிங்கம். உறையூர்தான். காலேஜ்ல பிசிக்ஸ் லேப் அசிஸ்டெண்டா முப்பத்தோரு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். லென்ஸ்னா எனக்கு அத்துப்படி. டில்ட்-ஷிப்ட்னு ஒரு வித்தை இருக்கு சார். லென்ஸைக் கேமராவுக்கு நேரா மாட்டாம கொஞ்சம் சாய்ச்சு மாட்டணும். அப்போ நடுவுல ஒரு பட்டை மட்டும் தெளிவா விழும். அதுக்கு மேலயும் கீழயும் மங்கிடும். சின்னப் பொருளைக் கண்ணுகிட்ட வச்சுப் பாத்தாத்தான் அப்படி முன்னாடி பின்னாடி மங்கும். அதனால மூளை ஏமாந்துடும். இவ்வளவு பெரிய ஊரை, மேஜை மேல அடுக்கி வச்ச விளையாட்டுச் சாமான்னு நினைச்சுக்கும்.

கடையில அந்த லென்ஸ் யானை விலை. நானே செஞ்சேன். பழைய பிரிண்ட் போடுற மெஷின் லென்ஸ் ஒண்ணு, பைக்கு முன் சக்கரத்துக்கு மேல மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் உறை இருக்குமே அது ஒண்ணு, ரெண்டையும் சேத்து ஒட்டி, கையால சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு எடுக்கணும். ஒரு மயிரிழை அசைஞ்சாலும் போச்சு.

எடுக்குறதுக்கு இடம், மலைக்கோட்டை உச்சி. உச்சிப் பிள்ளையார் கோயிலைச் சுத்தி கம்பி போட்டிருக்காங்கல்ல, அங்க நின்னா ஊரு பூரா காலடியில. நானூத்திப் பதினேழு படி. தை பொறந்ததுலேர்ந்து மாசி கடைசி வரைக்கும், மேகம் இல்லாத நாளெல்லாம் ஏறினேன். அந்த ரெண்டு மாசம்தான் காத்து சுத்தமா இருக்கும். காலையில மலையோட நிழல் குளத்து மேல விழுந்து கிடக்கும். அது விலகுற வரைக்கும் காத்திருந்து, பத்தரை மணிக்கு எடுக்கணும். ஒரே இடம், ஒரே கோணம், ஏறினதுல சரியா விழுந்தது பன்னெண்டு நாள், பன்னெண்டு படம். ‘கைக்குள்ள ஒரு ஊரு’ன்னு பேரு. எப்படி இருக்கு பேரு?

எங்க ஊர்ல ஒரு போட்டோ சங்கம் இருக்கு, அவங்க வருஷப் போட்டிக்கு அனுப்பத்தான் இவ்வளவு பாடு.

முதல் வாரம், ஒரு படமும் தேறுறதுக்கு முன்னாடியே, ஒருநாள் இறங்கும்போது எனக்குக் கொஞ்சம் கிறுகிறுன்னு வந்து படியில உக்காந்துட்டேன். மயக்கம்னு சொல்லக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுட்டு, வெளிச்சம் போயிடுமேன்னு சாப்பிடாம ஏறிட்டேன், அவ்வளவுதான். யாரோ ரெண்டு பேர் கைத்தாங்கலா இறக்கி ஆட்டோவுல ஏத்தி விட்டாங்க. அதைப் போய் வீட்டுல எதுக்குச் சொன்னேனோ. மறுநாள் காலையில என் சம்சாரம் சேலை மாத்திக்கிட்டு வாசல்ல நிக்கிறா. மட்டுவார்குழலின்னு பேரு, வீட்டுல குழலி.

“நானும் வர்றேங்க.”

“நீ எங்க வர்றே? உனக்கு முட்டிவலி. நீ உக்காந்து உக்காந்து ஏறி வர்றதுக்குள்ள வெயில் மாறிடும். எனக்கு வேலை நேரத்துல பின்னாடி ஆள் நின்னாலே கை நடுங்கும்.”

“சரிங்க”ன்னு உள்ள போயிட்டா. அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

ஆனா ஒண்ணு சார். அந்த ரெண்டு மாசமும் எனக்கு மதியச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கலை. நான் மலையிலேர்ந்து இறங்கி, பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்தா, அப்பத்தான் அவ அடுப்பையே பத்த வச்சிருப்பா. வேர்த்து வழிஞ்சுக்கிட்டு இருப்பா. “காலையிலேர்ந்து வீட்டுல என்னதான் பண்ணிக்கிட்டிருந்தே?”ன்னு எத்தனையோ நாள் சத்தம் போட்டிருக்கேன். தட்டுல சோறு விழும், அவ்வளவுதான்.

பன்னெண்டு படமும் முடிஞ்சுது. பெருசா பிரிண்ட் போட்டு, வரிசையா முன்ரூம் சுவத்துல பத்து நாள் மாட்டி வச்சேன். வர்றவங்க போறவங்க எல்லாம் பாத்து மூக்குல விரல் வச்சாங்க. போட்டிக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் கவர் திரும்பி வருது. உள்ள ஒரு சீட்டு. ‘மாதிரி உருவங்களை அடுக்கி எடுத்த படங்கள் ஏற்கப்படுவதில்லை.’

மாதிரி உருவமாம்! நானூத்திப் பதினேழு படி ஏறினவன்கிட்ட!

அந்தக் கவரைத் தூக்கிக்கிட்டு நேரா சங்கத்துச் செயலாளர்கிட்டப் போனேன். அவர் பல் டாக்டர், இருதயராஜ்னு பேரு. கிளினிக்ல ஒருத்தரை நாற்காலியில சாய்ச்சு, வாயைத் திறக்க வச்சு வேலை பாத்துக்கிட்டிருந்தாரு. அந்த ஆளு பாவம், எங்க சண்டை முடியிற வரைக்கும் வாயைத் திறந்தபடியே கிடந்தாரு.

“டாக்டர், இது நிஜ ஊரு. நீங்க தினம் போற தெருவு. பொம்மைங்கிறீங்களே?”

“சார், நாங்க அஞ்சு பேர் உக்காந்து பாத்தோம். முதல்ல நாங்களும் நிஜம்னுதான் நினைச்சோம். ஆனா நீங்க ஒரு தப்பு பண்ணிட்டீங்க.”

கையைக் கழுவிக்கிட்டு வந்தாரு. படத்தை எல்லாம் மேஜையில பரப்பினாரு. பல்லைப் பாக்குற சின்னக் கண்ணாடியோட நுனியால குளத்தோட ஒரு மூலையைத் தொட்டாரு.

“இந்த உருவத்தைப் பாருங்க. சிவப்புக் கூடையோட ஒரு பொம்பளை. முதல் படத்துல இங்க நிக்குது. ரெண்டாவதுலயும் இங்கதான். பன்னெண்டுலயும் இதே கம்பி ஓரம், இதே இடம். மத்த பொம்மையெல்லாம் இடம் மாத்தி வச்சீங்க, இதை மட்டும் மறந்துட்டீங்க. பெயிண்ட் மட்டும் மாத்தியிருக்கீங்க. ஒண்ணுல பச்சைச் சேலை, ஒண்ணுல ஊதா.”

நான் அதைப் பாக்கவே இல்ல சார். அரிசி அளவு உருவம்.

“அதுமட்டும் இல்ல”ங்கிறாரு. “தெருவுல போற ஜனம் எல்லாம் நேரா பாக்குது, தரையைப் பாக்குது. இது ஒண்ணு மட்டும் மூஞ்சியைத் தூக்கி மேல பாக்குது. பசை சரியா ஒட்டலை போல, பின்னாடி சாஞ்சிடுச்சு.”

பசையாம்! “மேல ஏறி வந்து உங்க கண்ணால பாருங்க”ன்னேன். “எனக்குக் கிளினிக் இருக்கு”ன்னாரு. “இந்த உருவத்தை உயிரோட கொண்டாந்து நிறுத்தினா ஒத்துக்குவீங்களா?”ன்னேன். சிரிச்சுக்கிட்டே, “கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்”னாரு.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை வச்சு ஒரு மணி நேரம் பாத்தேன். முகம் ஒரு வெள்ளைப் புள்ளி. வேற ஒண்ணும் தெரியலை. தேடித்தான் ஆகணும். மறுநாள் படத்தைத் தூக்கிக்கிட்டுத் தெப்பக்குளத்துக்கே போனேன். அந்த மூலையில ஒரு குடைக்குக் கீழ பூக்கடை. ஆரோக்கியமேரின்னு ஒரு அம்மா பூக் கட்டிக்கிட்டிருந்துச்சு. படத்தை நீட்டி, “இங்க தினமும் ஒரு பொம்பளை நிக்குமாமே, சிவப்புக் கூடையோட, அது யாரும்மா?”ன்னு கேட்டேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பாத்துச்சு. என் தலையில இருந்த வெள்ளைத் தொப்பியைப் பாத்துச்சு.

“ஏன் சார், விளையாடுறீங்களா? உங்க வீட்டம்மாதானே?”

நான் படத்தை மறுபடி கண்ணுகிட்டக் கொண்டு போனேன்.

“தினம் வந்துடுமே. நீங்க மேல ஏறின பிறவு வரும். இந்த இடத்துலேர்ந்துதான் மேல கம்பி ஓரம் நிக்கிற ஆளு தெரியும், வெள்ளைத் தொப்பி. அதையே பாத்துக்கிட்டு நிக்கும். ஸ்டூல் போட்டா உக்காராது, உக்காந்தா குடை மறைச்சிடுமாம். கூடையில இட்லியும் குளுக்கோஸ் தண்ணியும் வச்சிருக்கும். நீங்க தொப்பியைக் கழட்டிட்டு இறங்கத் தொடங்கினதும் ‘வரேன் மேரி’ன்னுட்டு பஸ்ஸுக்கு ஓடும். இட்லியை எனக்குக் கொடுத்துட்டுப் போயிடும்.”

சார், எனக்கு வந்த கோபம் இருக்கே. பாருங்க, ரெண்டு மாச உழைப்பு. ஒரு லென்ஸ் செய்ய ஆறு மாசம். எல்லாத்தையும் கெடுத்தது யாரு? என் வீட்டுக்குள்ளேயே இருக்குற ஆளு. ‘வராதே’ன்னு சொன்னேனா இல்லையா? சேலையை வச்சு உங்களுக்குத் தெரியலையான்னு நீங்க கேப்பீங்க. மேரியும் கேட்டுச்சு. சேலையெல்லாம் எனக்கு எப்படி சார் தெரியும்? கல்யாணமாகி முப்பத்தி நாலு வருஷத்துல எத்தனை சேலை!

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். “என் படத்துல நீ ஏன் வந்து நின்னே?”

அவ அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தா. நிமிரலை. “உங்க படத்துல நிக்கலீங்க. ரோட்டுல நின்னேன்.”

“அதுவும் ஒரே இடத்துல! நாலு அடி அப்படி இப்படி நகந்து நின்னிருக்கக் கூடாதா? தலையைத் தூக்காம நின்னிருந்தாக்கூடத் தப்பிச்சிருக்கும்!”

“தலையைத் தூக்காம எப்படிங்க உங்களைப் பாக்குறது?”

சரி, ஆனது ஆச்சு, காரியத்தைப் பாப்போம்னு, அவளையே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். முதல் படத்துல இருந்த அந்தப் பச்சைச் சேலையைக் கட்டச் சொன்னேன். கூடையையும் எடுத்துக்கச் சொன்னேன். வழி பூரா பஸ்ல சொல்லிக் கொடுத்துக்கிட்டே வந்தேன். “இது நீங்களான்னு கேப்பாரு. ஆமான்னு சொல்லு. வேற எதுவும் பேசாதே. அவர் நிக்கச் சொன்னா கூடையோட, மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு நில்லு. ஆடாதே.” கேட்டுக்கிட்டே வந்தா.

கிளினிக்ல பன்னெண்டு படத்தையும் டாக்டர் மறுபடி பரப்பினாரு. மரியாதையாத்தான் கேட்டாரு. “அம்மா, இது நீங்களா?”

குழலி கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணாப் பாத்தா. ஒண்ணு, ரெண்டுன்னு விரல் வச்சு. பச்சை, ஊதா, அரக்கு, மறுபடி ஊதா. கடைசிப் படம் வரைக்கும் போனா. என் பக்கம் திரும்பி, “இதெல்லாம் நம்ம முன்ரூம் சுவத்துல மாட்டியிருந்ததுதானே? பத்து நாளா?”ன்னா.

“ஆமா. டாக்டர் கேக்குறதுக்குப் பதில் சொல்லு.”

டாக்டரைப் பாத்தா. “இது நான் இல்லீங்க. பொம்மைதான்”னா.

சொல்லிட்டு, கூடையை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டா.

நீங்களே சொல்லுங்க சார். கட்டின பொண்டாட்டி, நாலு பேர் முன்னாடி இப்படியா பொய் சொல்றது? நாற்காலியில அன்னைக்கு ஒரு சின்னப் பொண்ணு கிடந்துச்சு, அது வாயைத் திறந்து வச்சுக்கிட்டே என்னைப் பாத்து முழிக்குது. டாக்டர் ஒண்ணும் சிரிக்கலை. என்னமோ யோசிச்சாரு. “சார், நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க”ன்னாரு.

வீட்டுக்குப் போனா அவ சாதாரணமா சமைச்சுப் போட்டா. விடிஞ்சதும் ஒரு பையில நாலு சேலையை வச்சுக்கிட்டு, “காந்திமதி வீட்டுக்குப் போயிட்டு வரேன்”னு புதுக்கோட்டைக்குக் கிளம்பிட்டா. காந்திமதி அவ தங்கச்சி, என் கொழுந்தியா. எப்ப வருவேன்னு கேட்டதுக்கு, “பாக்கலாம்”னா. நானும் விட்டுட்டேன். தப்பு செஞ்சது அவ, நான் ஏன் கெஞ்சணும்?

ரெண்டு வாரம் கழிச்சு டாக்டரே போன் பண்ணாரு. குழலி அப்படிச் சொன்னதுலேர்ந்து அவருக்கு மனசு சரியில்லையாம். சித்திரை கடைசி வரைக்கும் தவணை கொடுக்குறோம், புதுசா ஒண்ணு எடுங்க, நானும் கூட வர்றேன்னாரு. வந்தாரு. இருநூறாவது படியிலயே நாக்குத் தள்ளிடுச்சு அவருக்கு.

உச்சியில போய் கேமராவை நிறுத்தி, லென்ஸைச் சாய்ச்சுப் பிடிச்சேன். பத்தரை மணி. நிழல் விலகிடுச்சு. தண்ணி பளபளன்னு கிடக்கு. ஆட்டோ வரிசையா நிக்குது. டாக்டர் சொல்றாரு, “சார், அருமையா இருக்கே, எடுங்க.” நான் எடுக்கலை. “ஏன், என்ன?” “இருங்க டாக்டர்.” அந்த மூலையில மேரியோட குடை மட்டும் இருக்கு. குடைக்குப் பக்கத்துல வெறும் கம்பி. எனக்கு என்னமோ இன்னும் சட்டம் நிறையலைன்னு பட்டுச்சு. வெளிச்சம்தான் சார். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மாறட்டும்னு பாத்தேன். முக்கா மணி நேரம் நின்னோம். “யாருக்காவது காத்திருக்கீங்களா?”ன்னாரு டாக்டர். யாருக்குக் காத்திருக்கப் போறேன்? கடைசியில எனக்கு லேசா கிறுகிறுன்னு வர ஆரம்பிச்சு, அழுத்திட்டேன். அப்புறம் கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்துட்டேன். அவர் சட்டைப் பையிலேர்ந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாரு. பல் டாக்டர் பையில மிட்டாய்!

அந்தப் படம்தான் இது. ரெண்டாம் பரிசு, ஒரு கேடயம். மேடையில என்னைப் பத்தி நாலு வார்த்தை நல்லாப் பேசினாங்க. பழசு இருந்த இடத்துல, முன்ரூம்ல இதை மாட்டினேன். மாட்டி, நாற்காலியைப் போட்டு எதிர்ல உக்காந்தா, சார், கண்ணு நேரா அந்த மூலைக்குத்தான் போகுது. நகர மாட்டேங்குது. இடப்பக்கம் பாரம், வலப்பக்கம் காலி. அமைப்புக் கோளாறு. பிசிக்ஸ் தெரிஞ்சவனுக்கு அது உறுத்தும். பக்கத்து வீட்டுக்காரங்களைக் கேட்டா, “நல்லாத்தானே இருக்கு”ங்கிறாங்க. இதை யார்கிட்டக் காட்டிக் கேக்குறதுன்னு யோசிச்சேன். பன்னெண்டையும் ஒழுங்காப் பாத்த ஆளு டாக்டரை விட்டா இவதான். அதான் இன்னைக்குக் காலையில சட்டத்தைத் தூக்கிக்கிட்டுப் புதுக்கோட்டை போனேன். வேற எந்த எண்ணமும் இல்ல.

“வாங்க அத்தான்”னு காந்திமதி காபி கொடுத்தா. கொடுத்துட்டு உள்ள போயிட்டா. குழலி கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. கையைத் துடைச்சுக்கிட்டு வந்து, படத்தை வாங்கி ஜன்னல்கிட்டக் கொண்டு போய்ப் பாத்தா. அவ விரலும் நேரா அந்த மூலைக்குத்தான் போச்சு.

“இப்ப நல்லா இருக்குங்க. இடைஞ்சல் ஒண்ணும் இல்ல.”

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. “என்ன நல்லா இருக்கு? கண்ணைத் திறந்து பாரு. அந்த இடம் வெறிச்சுன்னு கிடக்கு. படமே ஒரு பக்கமாச் சரியுது. முக்கா மணி நேரம் நின்னு பாத்தேன், நிறையவே இல்ல. பின்ன ரெண்டாம் பரிசு வராம முதல் பரிசா வரும்?”

“எதுக்குங்க முக்கா மணி நேரம் நின்னீங்க?”

“வெளிச்சத்துக்கு.”

“பத்தரை மணிக்கு நிழல் விலகிடுமே. அதுக்கு மேல வெளிச்சத்துல என்ன மாறப் போகுது?”

இது இவளுக்கு எப்படி சார் தெரிஞ்சுது? லேப்ல இருந்தது நானா இவளா? அவ படத்தைக் கீழ வைக்காமலே, “அன்னைக்கு ஏறுறதுக்கு முன்னாடி சாப்பிட்டீங்களா?”ன்னா.

“இல்ல.”

அவ்வளவுதான் பேச்சு. உள்ள போனா. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் என்னமோ குசுகுசுன்னு பேசினாங்க, சிரிச்ச மாதிரியும் கேட்டுச்சு. வரும்போது பையோட வர்றா. “கிளம்பலாங்க”ங்கிறா. நான் கூப்பிடவே இல்லியே சார்! நான் படத்தைப் பத்தித்தானே பேசினேன்? காந்திமதி வீட்டுல தண்ணிக் கஷ்டம், ஒருவேளை அதுதான் காரணமா இருக்கும்.

அவ எங்கேன்னு கேக்குறீங்களா? அதோ, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது வரிசை, மாம்பழக் கலர் சேலை. என் பக்கத்துலயும் அப்ப இடம் காலியாத்தான் இருந்துச்சு, நீங்க ஏறுறதுக்கு முன்னாடி. ‘காத்து வரும்’னு சொல்லிட்டு அங்க போய் உக்காந்துகிட்டா. கோபம் இன்னும் முழுசாப் போகலை போல. பாருங்க, பாருங்க, இப்பத் திரும்புவா பாருங்க. புதுக்கோட்டையிலேர்ந்து இதே வேலை. கீரனூர் வர்றதுக்குள்ள பத்து தடவை திரும்பியாச்சு. நான் என்ன கைக்குழந்தையா, வழியில இறங்கிப் போயிடுறதுக்கு? நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க?

என்ன, கையைக் கையைக் காட்டுறா? என்னம்மா? ஒண்ணும் கேக்கலை இந்த இரைச்சல்ல.

ஓ. சார், தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்குங்க. நீங்க மறைக்கிறீங்களாம். அவளுக்கு நான் தெரியலையாம்.